எலிக்கு முன் தெள்ளு

எலிக்காய்ச்சலைப் பற்றிக் கேள்விப்படாத தோட்டம் கேகாலை மாவட்டத்தில் இல்லை. சேற்றில் வெறுங்காலோடு இறங்காதே என்று மழைக்கு மழை சொல்கிறார்கள். ஆனால் அதே எலியின் உடம்பில் ஊரும் தெள்ளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. யட்டியாந்தோட்டைப் பக்கத்து லயமொன்றில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் நான். வகுப்பில் கணுக்காலைச் சொறியாத பிள்ளை குறைவு.

அந்தச் சொறிதலில்தான் ஆபத்து. எலித்தெள்ளு கடிக்கும்போதே தோலில் எச்சமும் இடும். நகம் பட்டதும் அந்த எச்சத்தில் உள்ள கிருமி கடிவாய்க்குள் போய்விடும். ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, சிலருக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் செம்புள்ளிகள். இது டைபஸ், டைபொயிட் வேறு. இரத்தத் தட்டுக்களும் குறையலாம் என்பதால் டெங்கு என்றே நினைத்துவிட இடமுண்டு. டொக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். ஆனால் டைபஸாக இருக்குமோ என்று வைத்தியருக்குத் தோன்ற வேண்டுமே! தோட்ட டிஸ்பென்சரியில் பெனடோல் வாங்கிக்கொண்டு மறுநாள் இறப்பர் பால் வெட்டப் போகிற தாய்க்கு அதை யார் சொல்வது?

வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று எங்களுக்குப் புத்தி சொல்பவர்கள் லயத்துக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். எங்கள் லயத்தில் காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரை எட்டாது. முதல் காம்பராவில் அரிசி மூட்டையைக் கடித்த எலி, வளைமரத்தின் மேலாகவே கடைசிக் காம்பராவுக்குப் போய்விடும். நாய் படுக்கிற சாக்கிலும் தரை வெடிப்பிலும் தெள்ளின் முட்டையும் புழுவும் கிடக்கும். கூட்டுப்புழு மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். ஒரு வீட்டுக்காரி மட்டும் கூட்டி மெழுகி என்ன பயன்?

எலித்தெள்ளு பரப்பும் இன்னொரு நோயான பிளேக் 1914இல் கொழும்புக்கு வந்தபோது, மாநகர சபையின் நுண்ணுயிரியலாளர் ஹேர்ஸ்ட் தானியக் கிடங்கு எலிகளின் தெள்ளுகளை இனம் பிரித்துப் பார்த்தார். நோயை நன்றாகப் பரப்பும் இனம் அந்தக் கிடங்குகளில்தான் குடியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த எங்கள் பாட்டன் பூட்டன்மாரையோ, தொற்று வந்துவிடும் என்று அங்கேயே மண்டபம் முகாமில் தடுத்து வைத்தே கப்பலேற்றினார்கள். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த கூரை என்னவென்று மேலே சொல்லிவிட்டேன்.

தோட்டத்துக்குள் செலவிடப் பிரதேச சபைகளுக்கு இருந்த தடையை 2018இல் சட்டத் திருத்தம் நீக்கியது. ஆகவே ‘அது கம்பெனி எல்லை’ என்ற பதில் இனி செல்லாது. நிர்வாகமும் பிரதேச சபையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் சேர்ந்து, ஒரு லயம் முழுவதையும் ஒரே நாளில் கவனிக்க வேண்டும். முதலில் தெள்ளுக்கு மருந்து, பிறகுதான் எலிக்கு. முறையை மாற்றினால், செத்த எலியை விட்டுத் தெள்ளு எங்கள் மேல் ஏறும். நாய் பூனைகளுக்கும் அன்றே மருந்து போட வேண்டும். சுவர்களைக் கூரை வரை உயர்த்துவது நிர்வாகத்தின் கடமை.

அதுவரை, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்: ‘டொக்டர், எங்கள் காம்பராவில் எலி இருக்கிறது, தெள்ளும் கடிக்கிறது.’