எல்லா வலிக்கும் ஒரே பெட்டியா?

பாயான் பாரு பாசார் மாலாமில், ஆப்பம் பாலிக் விற்கும் இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார்கள். "உட்காருங்கம்மா, சும்மா டிரை பண்ணிப் பாருங்க" என்று கூப்பிட்டு, பிஸ்கட் அளவு மின்தூண்டல் பட்டை ஒன்றைத் தோளில் ஒட்டி, ரிமோட்டை அழுத்துவார்கள். தோள்பட்டை தானாகத் துள்ளும். "துடிக்குது பாத்தீங்களா? ரத்தம் ஓட ஆரம்பிச்சிருச்சு." அடுத்த நிமிடம் பை திறக்கும், 250 வெள்ளி கைமாறும்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் மறுக்க வந்திருக்கிறேன். துடித்தால் குணமாகிறது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். தசை துடிப்பதற்கும் நோய் தீர்வதற்கும் சம்பந்தமே இல்லை. இத்தாலியில் லூய்ஜி கல்வானி என்ற மருத்துவர் 1780களில் செத்த தவளையின் காலில் மின்சாரம் பட வைத்தார், அதுவும் துள்ளியது. நரம்பில் மின்சாரம் பட்டால் தசை சுருங்கும். அந்தத் துள்ளலுக்கு அதற்கு மேல் அர்த்தம் கிடையாது.

வலி கொஞ்சம் குறைகிறதே என்பார்கள். சிலருக்குக் குறைவது உண்மைதான். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுகையைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால், வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளின் செய்திக்குத் தண்டுவடத்தில் கதவு பாதி சாத்தப்படும். முட்டியை இடித்துக்கொண்டால் உடனே கையால் தேய்க்கிறோமே, அதே வேலைதான். ஆனால் பட்டையைக் கழற்றிய சிறிது நேரத்தில் கதவு மறுபடி திறந்துகொள்ளும். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருக்கும். பிதுங்கிய வட்டு பிதுங்கியபடியே இருக்கும். பிரிட்டனில் சிகிச்சை விதிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, இந்த வகைக் கருவியை இடுப்பு வலிக்குத் தர வேண்டாம் என்று 2016இலும், மூட்டுத் தேய்மானத்துக்குத் தர வேண்டாம் என்று 2022இலும் எழுதிவிட்டது. நாற்காலி போட்டு விற்பவர்கள் முதலில் தொட்டுக் காட்டுவதோ இடுப்பையும் முட்டியையும்தான்.

ஒயர் இல்லை, போனிலேயே இயக்கலாம், ஒரே சமயத்தில் நாலு இடத்தில் ஒட்டலாம் என்பதெல்லாம் வசதி. வசதியை வைத்து மருந்தின் பலத்தை அளக்கக் கூடாது. கழுத்து வலிக்கும் கால் வீக்கத்துக்கும் காரணம் ஒன்றாக இருக்காது. கால் வீக்கம் ரத்தக் கட்டியாக இருந்தால் அங்கே பட்டை ஒட்டுவதே ஆபத்து. பேஸ்மேக்கர் வைத்தவர்களும் வலிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் வயிற்றில் ஒட்டக் கூடாது. தொண்டையின் முன்பக்கம் யாருக்குமே கூடாது. இவையெல்லாம் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில் இருக்கும். நாற்காலியில் உட்கார வைத்தவர் எவரும் அதைப் படித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

என் அத்தை இருபத்திரண்டு வருடம் பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துச் சில்லுகளைச் சோதித்தவர். "கரண்டு எனக்குத் தெரியாததாடா?" என்று சொல்லித்தான் அந்தப் பெட்டியை வாங்கினார். பதினைந்து வருடமாக இனிப்பு நீர் வேறு. பாதம் மரத்துப் போகிறது என்று கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டார். உறைக்கும் வரை கூட்டுங்கள் என்றிருந்தார் விற்றவர். அத்தைக்கு உறைக்கவே இல்லை. கடைசி எண் வரை கூட்டிவிட்டார். பல தடவை ஒட்டி எடுத்ததில் பசை காய்ந்திருந்தது. பசை காய்ந்தால் மின்சாரம் பரவாமல் ஓரிடத்தில் குவியும். மறுநாள் குளிக்கும்போதுதான் பார்த்தார், ஐம்பது காசு அளவில் தோல் வெந்து கிடந்தது. வலிக்கவில்லை என்றார். எனக்குப் பயம் வந்ததே அந்தச் சொல்லில்தான். புண் ஆற ஏழு வாரம் ஆனது.

இது என் அத்தை ஒருவரின் கதை அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. உணர்ச்சி குறைந்த கால்கள் அதிகம் உள்ள சமூகத்தில், உணர்ச்சியை மட்டுமே அளவுகோலாக வைத்துக் கூட்டிக் குறைக்கும் கருவியை விற்கிறார்கள். அதிலும் மரத்துப்போன காலுக்கே இதுதான் மருந்து என்று சொல்லி விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அரசாங்கப் பதிவு எண் இருக்கிறதே என்று பெட்டியைத் திருப்பிக் காட்டுவார்கள். 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டப்படி இங்கே விற்கும் கருவிகள் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு, கருவி எதற்காக என்று சொல்லப்பட்டதோ அதற்கு மட்டும்தான். விற்பவர் வாய்க்கு வந்ததற்கெல்லாம் இல்லை. நீரிழிவு, இருதய நோய், பக்கவாதம் இவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் வந்து சுமார் எழுபது வருடம் ஆகிறது, வாக்குறுதி இன்னும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

மின்தூண்டலே மோசடி என்று நான் சொல்லவில்லை. பக்கவாதத்தில் பாதம் தொங்கிப்போனவருக்குச் சரியான நரம்பைத் தூண்டிப் பாதத்தைத் தூக்க வைக்கிறார்கள். முட்டி அறுவைக்குப் பிறகு இளைத்த தொடைத்தசைக்கும் பிசியோதெரபிஸ்ட் இதைப் பயன்படுத்துகிறார். அவர் முதலில் காலைத் தொட்டுப் பார்க்கிறார், எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்று முடிவு செய்கிறார், கூடவே உடற்பயிற்சியும் சொல்லித் தருகிறார்.

அரசாங்க கிளினிக்கில் நமக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. 250 வெள்ளியை எடுக்கும் முன் உங்கள் அம்மாவை, அத்தையை அங்கே ஒரு தடவை அழைத்துப் போங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கும்படி கேளுங்கள். சில நிமிட வேலைதான்.