தடுப்பூசியும் தவக்குலும்

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, அந்த ஊசி ஆபத்தானது என்னும் செய்திகள் வாட்ஸ்அப்பில் பரவின. பெற்றோர் பலர் ஒப்புதல் தரத் தயங்கினர். நம் வீடுகளும் அதற்கு விலக்கல்ல. செய்தி ஒன்று வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரித்தோமா?

விசாரித்தால் தெரிவது இதுதான். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் ஊசியை ஆட்டிசத்துடன் தொடர்புபடுத்தி அச்சத்தை விதைத்தது, 1998-இல் லண்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு முதன்மையாக எழுதிய கட்டுரை. அது ஆராய்ந்தது வெறும் 12 குழந்தைகளை. முறைகேடுகள் வெளிப்பட்டபின் 2010-இல் இதழே அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவரும் மருத்துவப் பதிவை இழந்தார். மாறாக, டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வு, அந்த ஊசியால் ஆட்டிசம் கூடவில்லை என உறுதிசெய்தது.

தாய்மார்களுக்கான ஊசியின் பயன் இன்னும் தெளிவானது. கர்ப்பிணிக்குப் போடப்படும் டெட்டனஸ் தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்புப் பொருள்கள் நச்சுக்கொடி வழியாகச் சிசுவைச் சேர்கின்றன. 1988-இல் உலகில் சுமார் 7,87,000 பச்சிளம் குழந்தைகள் இந்நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. தடுப்பூசியாலும் தூய்மையான பிரசவ முறைகளாலும், தாய்சேய் டெட்டனஸை ஒழித்த நாடாக 2015-இல் இந்தியா அறிவிக்கப்பட்டது. ரூபெல்லாவோ கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாயைத் தாக்கினால் சிசுவின் கண், காது, இதயம் ஆகியவற்றைப் பாதிக்கும். அதற்கான ஊசியைக் கர்ப்பகாலத்தில் போட இயலாது. பெண்பிள்ளைகளுக்கு முன்னரே போட்டிருக்க வேண்டும்.

பக்கவிளைவே இல்லை என நாம் சொல்லவில்லை. காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வரலாம். மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை நேரலாம். அதனால்தான் ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள்.

ஹலால் குறித்த ஐயமும் நியாயமானதே. 2018-இல் இந்தோனேசிய உலமா சபை, தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் தயாரிப்பில் பன்றி மூலப்பொருள் பயன்பட்டதால் அது ஹராம் என்றே கூறியது. ஆயினும் ஹலாலான மாற்று கிடைக்காத நிர்ப்பந்தத்தையும், ஊசி போடாவிட்டால் விளையும் தீங்கையும் கருதி அதனை அனுமதித்தது. இவ்வளவு கண்டிப்பான தீர்ப்பும் குழந்தையின் உயிரையே முன்னிறுத்தியது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதே நபி (ஸல்) அவர்கள் கற்பித்த தவக்குல். குழந்தைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்த வதந்தி வரும்போது அதைப் பிறருக்கு அனுப்பாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிவோம். தவறிய தவணைகளையும் இந்த வாரமே கேட்டுப் போட்டுக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.