‘வேண்டும்’ என ஒரு சொல்லால் அமையுமோ?

ஆங்கிலம் பயிலும் எம் மாணவரை இடறச் செய்வன அருஞ்சொற்களல்ல. நாள்தோறும் வழங்கும் சிறு சொற்களே. ‘மஸ்ற்’, ‘ஹாவ் ரு’, ‘ஷுட்’, ‘ஓற் ரு’ என்னும் நான்கிற்கும் ‘வேண்டும்’ என ஒரே பொருள் எழுதிக்கொடுக்கும் வழக்கம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. அவ்வழக்கம் ஒழிதல் நன்றென்பது எமது துணிபு.

இச்சொற்களின் வேற்றுமை, கட்டாயம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதைப் பொறுத்தது. பேசுவோன் தன் அதிகாரத்தாலோ மனவுறுதியாலோ விதிப்பது பெரும்பாலும் ‘மஸ்ற்’. சட்டமோ சூழ்நிலையோ புறத்தே நின்று நெருக்குவது ‘ஹாவ் ரு’. ‘ஷுட்’ அறிவுரை; கேட்போன் அதனை ஏலாதிருக்கவும் இடமுண்டு. ‘ஓற் ரு’ அதனை ஒத்ததாயினும், கடமையுணர்வு அதிற் சற்று மிகுதி. ஆதலின், மேலதிகாரிக்கு விண்ணப்பம் வரையும் இளைஞன், ‘தாங்கள் விடை தரல் வேண்டும்’ எனப் பணிவுடன் எண்ணி ‘மஸ்ற்’ என எழுதுவானாயின், வேண்டுகோள் கட்டளையாகிவிடும்.

எதிர்மறையிலோ வேற்றுமை இன்னும் பெரிது. உடன்பாட்டில் அருகருகே நிற்கும் ‘மஸ்ற்’, ‘ஹாவ் ரு’ ஆகிய இரண்டும் எதிர்மறையில் வெவ்வேறு திசை செல்வன. ‘மஸ்ற் நொற்’ என்பது ‘கூடாது’. ‘டு நொற் ஹாவ் ரு’ என்பது ‘வேண்டியதில்லை’. மருந்தொன்றை உண்ணக்கூடாது என்பதும் உண்ணவேண்டியதில்லை என்பதும் ஒன்றாகுமா? தமிழில் இவ்விரண்டையும் மயங்காத மாணவன் ஆங்கிலத்தில் மயங்குவது, ‘வேண்டும்’ என்ற ஒன்றையே மனனஞ் செய்தமையாலன்றோ?

இஃது இலக்கண ஆசிரியரின் வெறும் நுணுக்கம் என்பார்க்கு ஒன்று கூறுவோம். அமெரிக்காவின் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007 இல் எளிய நடையில் திருத்தி எழுதப்பட்டன. வழக்கை முழுமையாக விசாரியாது தீர்ப்பளித்தல் பற்றிய 56 ஆம் விதியில் அதுகாறும் நின்ற ‘ஷல்’ என்னும் சொல் ‘ஷுட்’ என மாற்றப்பட்டது. நிபந்தனைகள் நிறைவுற்றபின் தீர்ப்பளித்தல் நீதிபதியின் கடமையா, அன்றி அவர் விருப்பின்பாற்பட்டதா என்பதே ஆண்டெழும் வினா. 2010 இல் ‘ஷல்’ மீண்டும் ஏற்றப்பட்டது. ஒரு துணைச்சொல்லின் பொருட்டு ஒரு நாட்டின் விதி இருமுறை திருத்தம் பெற்றதெனின், அதனைச் சிறிதென்று தள்ளல் தகுமா?

ஆதலால், ஆசிரியப் பெருமக்கள் இச்சொற்களைப் பொருளட்டவணையாகக் கற்பியாது, ‘விதிப்பவர் யார்? விலக இடமுண்டா?’ என்னும் இரு வினாக்களோடு கற்பிப்பார்களாக. அவ்வினாக்களுக்கு விடை காணும் மாணவன் சொல்லைத் தானே தேர்ந்துகொள்வான்.