சக்கரை நோய்க்குச் சாதி இல்லையா?

சக்கரை, பிரஷர் எல்லாம் பணக்காரன் வியாதி என்று ரொம்ப நாளாய்ச் சொல்லிவந்தார்கள். உட்கார்ந்து தின்கிறவனுக்கு வரும், உழைக்கிறவனுக்கு வராது என்றார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மாத்திரைச் சீட்டோடு நிற்கும் வரிசையைப் போய்ப் பாருங்கள், தோழர்களே. கூலிச் சனமும் அங்கேதான் நிற்கிறது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சக்கரை நோய் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது.

இப்போது பேச்சை மாற்றி 'வாழ்க்கை முறை நோய்' என்கிறார்கள். சோற்றைக் குறை, பயறும் காய்கறியும் தின்னு, காலையில் நட, கவலைப்படாதே. யோசனை நல்லதுதான். யாருக்கு? தன் வாழ்க்கை முறையைத் தானே தேர்ந்தெடுக்க முடிந்தவனுக்கு. சேரியில் பிறந்தவருக்கு எங்கே குடியிருப்பு, என்ன வேலை, எவ்வளவு கூலி என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது. 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். பசியைத் தடுத்த அரிசி அது, பழிக்க மாட்டோம். ஆனால் பேரையூர்க் கரிசலில் விளைகிற குதிரைவாலி பாக்கெட்டில் ஏறி மேல்தட்டுச் சாப்பாடாகிவிட்டது. களையெடுத்த கைக்கு எட்டவில்லை.

சக்கரை முற்றினால் பாதம் மரத்துப்போகும். கண்ணாடிச் சில்லு குத்தினாலும் உறைக்காது. புண் ஆறாமல் அழுகும். முதலில் விரலை எடுப்பார்கள், பிறகு காலையே எடுப்பார்கள். ஏசி அறையில் இருக்கிற அதிகாரிக்கும், குப்பைமேட்டில் இறங்குகிற அருந்ததியப் பெண்ணுக்கும் ரத்தத்தில் ஒரே அளவு சக்கரை இருக்கலாம். கால் போகிற ஆபத்து யாருக்கு அதிகம்? பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினார்கள். நல்ல பூட்ஸ் எத்தனை பேர் காலில் இருக்கிறது? கிருமியால் வராத நோய்தான் இது. ஆனால் அது யார் உடம்பை எவ்வளவு சிதைக்கும் என்பதில் சாதிக்குப் பங்கு இருக்கிறது.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீட்டுக்கே மாத்திரை வருகிறது, வரவேற்கிறோம். ஆனால் மாத்திரை வரும்போது வீட்டில் ஆள் இருக்கணுமே! விடியுமுன் விளக்குமாறோடு போனவள் எப்படி இருப்பாள்? ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. வேலைத்தலத்துக்கே போகும் திட்டத்தை 2024-ல் தொடங்கினார்கள். அது ஆலை வாசலோடு நிற்கக் கூடாது. மாநகராட்சி வார்டு ஆபீசுக்கும் மேலூர் நடவு வயலுக்கும் வரணும்.

நாம் கேட்பது சலுகையல்ல. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கூலியோடு பரிசோதனை நாள் வேண்டும். பூட்ஸும் கையுறையும் கட்டாயமாகணும். நீலகிரி, தருமபுரி ரேஷனில் 2023-ல் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். மதுரைக்கும் சிறுதானியம் வரணும், பருப்பைக் கூட்டித் தரணும்.

மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சேரிக்குள் போங்கள். எத்தனை பேர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள், ஏன் நிறுத்தினார்கள், எத்தனை பேருக்குக் கால் போயிருக்கிறது என்று வீடுவீடாய்க் கேட்டு எழுதுங்கள். அந்தக் கணக்கோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்.