தங்கச்சி மாஸ்காம் படிக்கட்டும்... ஆனா ஆறு லட்சம் லோன் போட்டு வேண்டாம்!

செஞ்சிக்காரர் ஒருத்தர், சென்னையில் ஐடி வேலை, மாதம் 45,000 கைக்கு வருது. தங்கச்சி பிளஸ் டூ முடிச்சுட்டு ஜர்னலிசம் அண்ட் மாஸ் கம்யூனிகேஷன்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்களாம். சென்னையில் ஒரு தனியார் கல்லூரி. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து மூணு வருஷத்துக்கு 6 லட்சம். "எஜுகேஷன் லோன் போட்டுடலாமா சார், டாக்ஸும் மிச்சமாகுமே?"ன்னு கேட்டார்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். படிப்பு சரி. லோன் தப்பு. டாக்ஸ் மிச்சம் என்பது சுத்தமா கிடையாது.

டாக்ஸ் விஷயத்தை முதல்ல முடிச்சுடலாம். கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு கொடுக்கிற, நாம 80இ என்று பழகின பிரிவு, உங்களுக்கோ, உங்க மனைவி அல்லது கணவருக்கோ, பிள்ளைகளுக்கோ, நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கோ எடுத்த கடனுக்குத்தான். தம்பி தங்கச்சி அந்தப் பட்டியல்லயே இல்லை. இன்னொண்ணு, இந்தக் கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். நம்ம வாசகர்கள் பெரும்பாலும் புது முறைக்கு மாறிட்டீங்க. சரி, தங்கச்சி பேர்லயே லோன் இருந்து அவங்களே கட்டினா? ஒரு ஜூனியர் ரிப்போர்ட்டர் வாங்கப்போற சம்பளத்துக்கு வரியே வராது, அப்புறம் கழிவு எதுக்கு? "80இ இருக்கு சார்"னு அட்மிஷன் கவுன்ட்டர்ல யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

இப்போ படிப்புக்கு வருவோம். "பேப்பர்காரன் வேலைக்கா படிக்க வைக்கிறே?"ன்னு சொந்தக்காரங்க கேட்பாங்க. நான் அந்தக் கட்சி இல்லை. செஞ்சியையே எடுத்துக்கங்க. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்ற தொகுப்பில் மொத்தம் 12 கோட்டை. 11 மகாராஷ்டிராவில், தமிழ்நாட்டுக்கு இது ஒண்ணுதான். அன்னைக்கு கேமராக்கள் வந்தன, ராஜகிரியைப் பின்னணியில் வெச்சுப் பேசினாங்க, போயிட்டாங்க. ஆனா ஊர்க்காரங்களுக்குத் தேவையான செய்தி அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குள் புதுசா வீடு கட்டக்கூடாது, அதுக்கு மேல 200 மீட்டர் வரை அனுமதி வாங்கணும். யாரோட மனை மாட்டும்? டூரிஸ்ட் வந்தா காசு யார் கைக்குப் போகும்? திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதை எத்தனை வருஷமா பேச்சிலேயே நிக்குது? இதையெல்லாம் விடாம துரத்த உள்ளூர்ல ஒரு ஆள் வேணும். அந்தப் பொண்ணு அந்த ஆளா வரலாம்.

பிரச்சனை, அந்த ஆளுக்கு யார் சம்பளம் கொடுக்கிறாங்க என்பதுதான். திண்டிவனம், செஞ்சி பக்கம் எனக்கு ஆடிட் கிளையன்ட்ஸ் உண்டு. விளம்பரச் செலவு வவுச்சரைப் புரட்டினா தீபாவளி மலர், பொங்கல் மலர், ஆண்டு விழா மலர் ரசீது வரிசையா வரும். பல இடங்களில் தாலுகா நிருபருக்கு மாதச் சம்பளம் இல்லை. செய்திக்கு இவ்வளவுன்னு ஒரு சின்னத் தொகை, அப்புறம் பிடிச்சுக் கொடுக்கிற விளம்பரத்துக்குக் கமிஷன். எல்லா நிறுவனமும் இப்படின்னு சொல்லலை. ஆனா யார்கிட்ட விளம்பரம் கேட்டுப் போறாரோ அவரைப் பத்தியே நாளைக்கு எழுத வேண்டி வரும். வீட்ல கடன் இருக்கிற நிருபர் அந்த இடத்துல என்ன செய்வார்?

சரி, சென்னையிலேயே வேலைன்னு வெச்சுக்குவோம். 6 லட்சம் கடன், வருஷத்துக்கு 2 லட்சமா வாங்குறீங்க, வட்டி 10%. படிக்கிற 3 வருஷமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் இஎம்ஐ கிடையாது, ஆனா வட்டி ஓடும். அந்த நாலு வருஷத்துக்குத் தனிவட்டி மட்டும் 1.8 லட்சம். ஆக 7.8 லட்சத்துக்கு இஎம்ஐ ஆரம்பிக்கும். 10 வருஷத்தில் கட்டினா மாதம் சுமார் 10,300.

முதல் வேலை மாதம் 20,000 என்று கணக்குக்கு வெச்சுக்கங்க. ஊடகத்தில் நிறைய பேரை ஊழியரா எடுக்காம 'ரீடெய்னர்' ஒப்பந்தத்தில் எடுக்கிறாங்க. அப்படின்னா அது சம்பளம் இல்லை, தொழில்முறைக் கட்டணம். 10% டிடிஎஸ் போய் 18,000 வரும். பிஎஃப் இல்லை. சம்பளக்காரங்களுக்குக் கிடைக்கிற 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் இல்லை. பிடிச்ச 24,000-ஐத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போடணும், அதுவும் ஐடிஆர்-3. டாக்டர், வக்கீலுக்கு இருக்கிற 44ஏடிஏ சலுகைப் பட்டியலில் பத்திரிகையாளர் கிடையாது. (எங்களை மாதிரி ஆடிட்டர்களுக்கு அந்தப் பட்டியல்ல இடம் இருக்கு, அது வேற கதை.) 18,000-ல் 10,300 போனா மிச்சம் 7,700. சென்னையில் ரூம் வாடகைக்கே பத்தாது. அந்த மாசமே அவங்க ஏதாவது பிஆர் ஏஜென்சிக்குப் போயிடுவாங்க. பிஆர் வேலை கேவலம்னு நான் சொல்லலை. ஆனா ரிப்போர்ட்டராகணும்னு ஆசைப்பட்டவங்களை அந்த வேலையிலிருந்து விரட்டினது நீங்க போட்ட லோன்தான்.

சட்டம் இல்லாம இல்லை. பத்திரிகையாளர்களுக்குன்னு 1955-லேயே தனிச் சட்டம் வந்தது. மஜீதியா ஊதியக் குழு பரிந்துரையை 2011-ல் அரசு அறிவிச்சு, 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிடுச்சு. ஒப்பந்தத்தில் எடுத்தா அந்தக் கணக்கே வேற மாதிரி ஆயிடுது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் டிஜிட்டல் ஊடகக்காரங்களும் பத்திரிகையாளர் வரையறைக்குள்ள வந்திருக்காங்க, அப்பாயின்ட்மென்ட் லெட்டரும் கட்டாயம். நடைமுறையில் எவ்வளவு மாறுதுன்னு பொறுத்துத்தான் பார்க்கணும்.

அப்போ என்னதான் செய்யறது? யுஜி-யை மாஸ்காம்ல படிக்கணும்னு கட்டாயமே இல்லை. பி. சாய்நாத் படிச்சது வரலாறு. பக்கத்துல இருக்கிற அரசுக் கல்லூரியில் பொருளாதாரமோ, தமிழோ, பி.காமோ படிக்கட்டும். என் ஓட்டு பி.காமுக்கு. பேரூராட்சி பட்ஜெட்டைப் படிக்கத் தெரிஞ்ச ரிப்போர்ட்டருக்குப் பஞ்சம் இருக்கு. படிக்கும்போதே விகடனோட மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு அப்ளை பண்ணட்டும். இந்த வேலை நமக்கு ஒத்து வருமான்னு மூணு வருஷத்துக்குள்ளயே தெரிஞ்சுடும்.

அதுக்கப்புறம் பிஜி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கு. செஞ்சிக்கு இன்னும் பக்கம் புதுச்சேரி. அங்க காலாப்பட்டில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. மாஸ் கம்யூனிகேஷன் உண்டு. தமிழக அரசே 2025-ல் சென்னை இதழியல் நிறுவனம்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு. ஏசிஜே நல்ல இடம்தான், ஆனா செலவு பல லட்சம். ஸ்காலர்ஷிப் கிடைச்சா யோசிக்கலாம்.

உங்க பங்கு? அந்த மூணு வருஷமும் மாதம் 8,000 ஒரு ஆர்டி-யில் போடுங்க. 6.5% வட்டியில் சுமார் 3.18 லட்சம் சேரும். அரசுப் பல்கலைக்கழகத்துல ஃபீஸ், ஹாஸ்டல் போக, வேலை கிடைக்கிற வரைக்கும் ஆறு மாசச் செலவுக்கும் கையில் காசு நிக்கும். அண்ணன் தங்கச்சிக்குக் கொடுக்கிற பணத்துக்கு ரெண்டு பேருக்கும் வரி கிடையாது. ஆனா உங்க எமர்ஜென்சி ஃபண்டைக் கரைச்சு இதைப் போடாதீங்க.

இவ்வளவுக்கு அப்புறமும் லோன்தான்னா, 7.5 லட்சம் வரைக்கும் பொதுவா அடமானம் கேட்க மாட்டாங்க. ஆனா பெற்றோர் இணைக் கடன்தாரரா கையெழுத்துப் போடணும். அப்பாவுக்கு வருமானச் சான்று பத்தலைன்னா பேங்க் உங்களைப் பார்க்கும். நீங்க போட்டா அந்தக் கடன் உங்க சிபிலில் ஏறும், நாளைக்கு ஹோம் லோன் கேட்கும்போது உங்க எலிஜிபிலிட்டியில் கழியும். 4, 6, 8 லட்சத்துக்கு இதே கணக்கை எக்செல்லில் போட்டு இந்த வார வீடியோவில் காட்டியிருக்கேன். தங்கச்சியையும் பக்கத்துல உட்கார வெச்சுப் பாருங்க.