வானதூதர் சொன்னாராம்!

அண்மை ஆண்டுகளில் ஜான் டீயைப் போற்றுவது இங்கிலாந்தில் ஒரு வழக்கமாகியிருக்கிறது. 2011-இல் அவரைப் பற்றி இசைநாடகம் அரங்கேறியது. 2016-இல் இலண்டன் மருத்துவர் கல்லூரி அவர் வைத்திருந்த நூல்களைக் கண்காட்சியாக்கியது. அரசி முதலாம் எலிசபெத்தின் அவை அறிஞர், கணித வல்லுநர், அறிவுத் தாகத்தால் அல்லலுற்ற தியாகி என்று புகழ்கிறார்கள். முதல் இரண்டையும் நாம் மறுக்கவில்லை. மூன்றாவதை ஏற்க இயலவில்லை.

1527-இல் பிறந்த டீ தெருவோர மந்திரவாதி அல்லர். அரசியின் முடிசூட்டு விழாவுக்கு 1559-இல் நாள் குறித்துக் கொடுத்தவர். யூக்ளிடின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 1570-இல் முன்னுரை வரைந்தவர். மோர்ட்லேக்கில் இருந்த அவரது இல்லத்தில் ஆயிரக்கணக்கான நூல்கள் இருந்தன. இத்தனையும் கற்ற பின் ஏட்டறிவு அவருக்குப் போதாமற் போயிற்று. வானதூதரிடமே கேட்டறிய விழைந்தார். பளிங்குக் கல்லில் உருவங்களைக் காண்பதாகச் சொல்லிக்கொண்டு 1582-இல் எட்வர்ட் கெல்லி வந்து சேர்ந்தார். கண்டு சொன்னவர் கெல்லி, எழுதிக்கொண்டவர் டீ. ஐயம் எழுந்தபோதும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை!

1583-இல் அரசியையும் நூலகத்தையும் விட்டுவிட்டு, மனைவி மக்களோடும் கெல்லியோடும் போலந்துப் பிரபு ஒருவரின் பின்னே புறப்பட்டார். அவர் அரசியின் ஒற்றராகவே சென்றார் என்று வாதிடுவோர் உண்டு. தக்க சான்று எதையும் அவர்கள் காட்டியதில்லை. ப்ராக் நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் முன் நின்று, ‘உம் பாவங்களை வானதூதர் கண்டிக்கிறார்’ என்று அறிவித்தாரே, அது ஒற்றன் செய்கிற வேலையா? வேற்றரசர் அவைகளில் ஆதரவு தேடித் திரிந்தார் என்பதே நேரான விளக்கம்.

1586-இல் திருத்தந்தையின் தூதுவருடைய முறையீட்டால் பேரரசர் அவரை வெளியேற்றினார். இதை வைத்தே அவரைத் தியாகி என்கிறார்கள். அவர் துன்புற்றது மெய். அவரால் துன்புற்றவரைப் பற்றி ஏன் எவரும் வாய் திறப்பதில்லை?

அவர் மனைவி ஜேன். கணவரைவிட இருபத்தெட்டு வயது இளையவர். ஊர் ஊராகக் குழந்தைகளைச் சுமந்து அலைந்தவர். 1587-இல் பொஹேமியாவின் த்ரெபோன் நகரில், இரு ஆண்களும் மனைவியரைப் பொதுவாக்கிக்கொள்ள வேண்டும் என்று ‘வானதூதர்’ கட்டளையிட்டதாகக் கெல்லி சொன்னார். டீ திகைத்தார், தயங்கினார். இறுதியில் அறுபதை நெருங்கிய அந்த அறிஞர் இணங்கினார். நால்வரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். செய்தியைக் கேட்ட ஜேன் கால்மணி நேரம் நடுங்கி அழுதார் என்று டீயே தம் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கண்ணீரையும் ஒரு குறிப்பாகப் பதிந்துவிட்டு மேலே சென்ற மனத்தை அறிவுத் தாகம் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை. கெல்லி ஏமாற்றுக்காரர் என்று பழியை இறக்கி வைப்பதும் எளிது. ஏமாற்றுக்காரன் கேட்டதை எடுத்துக் கொடுத்தவர் யார்? திருமண வாக்கைவிடக் கல்லில் தெரியும் அடுத்த செய்தி அவருக்குப் பெரிதாயிருந்தது.

1589-இல் டீ நாடு திரும்பியபோது நூலகம் சூறையாடப்பட்டிருந்தது. கைவிடப்பட்ட அரசியோ அவரைக் கைவிடவில்லை. மான்செஸ்டர் கல்லூரியின் தலைமைப் பதவியைத் தந்தார். ஜேன் 1605-இல் அந்நகரிலேயே கொள்ளைநோய்க்கு இரையானார். முதுமையில் வறுமையுற்று, எஞ்சிய நூல்களை விற்றுப் பிழைத்த டீயைப் பேணியவர் ஜேனின் மகள் கேத்தரின்.