எட்டு மணிக்கு அளந்து பாருங்க

போன மாசம் எனக்கு ஒரு ஒன்லைன் வேலைக்கு சூம் இன்டர்வியூ. வெலிமடை டவுனில் இருந்து மேல ஏறுற ஒரு தோட்டத்து லயம் எங்க வீடு. பயத்துல பகல்லயே ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். 20 மெகாபிட், பிங் 40 மில்லிசெக்கன். ஒரு குறையும் இல்ல.

இன்டர்வியூ ராத்திரி எட்டு மணிக்கு. அதே காம்பராவுல தம்பி ஏ.எல் வகுப்பு வீடியோவை டவுன்லோட் போட்டிருந்தான். நான் சொன்ன பதில் அவங்களுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த கேள்வி வந்திடுச்சு. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பேசி, ஒரே நேரத்துல ‘சொரி’ சொன்னோம். “மெயில் பண்றோம்”னாங்க. வரல.

மலைதான் காரணம்னு சொல்லாதீங்க. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடும். இங்கிருந்து கொழும்புக்கு 200 கிலோமீட்டர்னு வச்சாலும் போய்வர 2 மில்லிசெக்கன். சிங்கப்பூர் போய்வரவே முப்பது, நாற்பது போதும். மிச்சமெல்லாம் பெரும்பாலும் வரிசை. டவரிலோ ரவுட்டரிலோ இணைப்பு நிரம்பினால், தரவு ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நிற்கிறது. இதுக்கு ‘பஃபர்ப்ளோட்’னு பேர். நமக்குப் புரியுற மாதிரி சொன்னா கொழுந்து மடுவம். ஆளில்லாத நேரத்துல போய் “ஒரு கூடை நிறுக்க அரை நிமிஷம்”னு எழுதிட்டுப் போகலாம். பொழுது சாய அம்மா நிக்கிற வரிசை அந்தக் கணக்குல வராது.

அதனால தாமதத்தை எப்போ, எங்கிருந்து அளக்கிறோம்ங்கிறதுதான் விஷயம். இந்தியாவில் ட்ராய் 2006இல் போட்ட பிராட்பேண்ட் விதி 120 மில்லிசெக்கன் எல்லை வைத்தது. ஆனால் அளவு தொடங்கியது கொம்பனியின் கேட்வேயில் இருந்து. வீட்டுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் என்ன நடந்தாலும் கணக்கில் இல்லை! அமெரிக்காவின் எஃப்.சி.சி. 2011இலேயே வீடுகளில் சின்னப் பெட்டி வைத்து அளந்தது. கிராமங்களுக்கு இணைப்புக் கொடுக்க அரசு மானியம் வாங்கும் கொம்பனிகளுக்கு அங்கே ஒரு விதி: மாலை ஆறில் இருந்து நள்ளிரவு வரை எடுக்கும் அளவுகளில் 95 வீதம், 100 மில்லிசெக்கனுக்குள் இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனா வீட்டுல யாராவது இன்டர்நெட் பாவிச்சிட்டிருந்தா டெஸ்டைத் தள்ளிப்போடலாம்னு அதுலயே இடம் இருக்கு. நாலு பேர் ஒரு ரவுட்டரைப் பாவிக்கிற லயத்துக்கு இது சரிவராது.

நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசும் இல்ல. கொழும்பில் இருக்கும் லேர்ன்ஏசியா நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து, தாமதத்தை உள்ளூர், வெளிநாடு என்று பிரித்து அளக்கும் கருவியைப் பல வருஷத்துக்கு முன்னமே செய்தது.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுகிட்ட நான் கேட்கிறது இவ்வளவுதான். வீட்டுப் பக்கத்தில் இருந்து அளங்க. ராத்திரியில அளங்க. இணைப்பு சும்மா இருக்கும்போது ஒரு தடவை, டவுன்லோடும் அப்லோடும் ஓடும்போது இன்னொரு தடவை. ரெண்டு எண்ணையும் பிரதேச செயலகப் பிரிவு வாரியா வெளியிடுங்க. ‘ஊவா மாகாண சராசரி’ன்னு ஒண்ணு குடுத்தா பதுளை டவுன் ஃபைபருக்குள்ள எங்க தோட்டம் காணாமப் போயிடும்.

பெட்டி வைக்க வீடு தேடினா எங்க காம்பராவுல ஒரு பிளக் பொயின்ட் இருக்கு. தம்பி வகுப்பு பார்க்கிறது எட்டுல இருந்து பத்து வரைக்கும்.